சட்டக்கார அக்காவின் சாயம் வெளுத்த கதை

அந்தத் தெருவில் அவளைச் சட்டக்கார அக்கா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கோர்ட்டுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. படங்களுக்குச் சட்டம் அடிக்கும் கடை அவளுடையது. கடை வாசலில் 'இங்கே நல்ல சட்டம் போடப்படும்' என்று ஒரு பலகை தொங்கியது. அதை நம்பி மாதத்துக்கு ஒருவராவது, பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டான் என்று பத்திரமும் கையுமாக உள்ளே வந்துவிடுவார். அக்காவும் சளைக்கமாட்டாள். உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்பாள். கடைசியில், "சுவரை என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க. பத்திரத்துக்கு வேணும்னா தேக்குல ஒரு சட்டம் போட்டுத் தரேன்," என்பாள். வந்தவர்களில் பாதிப் பேர் போட்டுக்கொண்டும் போயிருக்கிறார்கள்.

கடை ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முன்னால் மேசை. நடுவில் கம்பளி விரித்த பலகை, கண்ணாடி வெட்டும் இடம். பின்னால், நீளநீளமான மரச்சட்டங்களைச் சாய்த்து வைத்த ஓர் அறை. கண்ணாடி வெட்டுவது அவள் கணவர். அவர் பேச்சையும் கண்ணாடி மாதிரி அளந்து அளந்துதான் எடுப்பார். அவருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவதால் வியாபாரம் குறைவில்லாமல் நடந்தது.

பத்தொன்பது வயதில் டைப்ரைட்டிங் படித்தவள் அவள். விடுதியில் தங்கிப் படித்து, பெரிய பரீட்சை பாஸ் பண்ணிய வருடம் பார்த்து ஆபீஸ்களெல்லாம் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டன. "நான் வர்ற சேதி கேட்டு மெஷினையே ஒளிச்சு வச்சுட்டாங்க," என்று அதையும் சிரிப்பாகவே சொல்வாள். கல்யாணமாகிக் கடைக்கு வந்த முதல் மாதம் கட்டைவிரலை மூன்று முறை அறுத்துக்கொண்டாள். அடுத்த வருடம், ரம்பத்தின் சத்தத்தை வைத்தே மூலை ஒட்டுமா ஒட்டாதா என்று சொல்லுமளவுக்குத் தேறிவிட்டாள்.

கடிதங்களைப் படமாக்கும் வேலை அவளிடம் வந்தது ஒரு தப்பிலிருந்துதான். ஒரு நர்ஸம்மா, கப்பலில் வேலை பார்த்த தம்பி எழுதிய கடிதத்தைச் சட்டம் போடக் கொடுத்திருந்தார். அட்டையில் ஒட்டும்போது பசைக் கிண்ணம் கவிழ்ந்தது. நீல மையில் எழுதிய கடிதம். பாதிப் பக்கம் குளமாகிவிட்டது. அக்காவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. மாடியைப் பார்த்து, "அண்ணி! அண்ணி!" என்று கத்தினாள்.

மாடியில் இருந்தவர் அவளுடைய நாத்தனார், கணவருக்கு மூத்தவர். முப்பது வருடம் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைகூட யானைக்கு ஒழுங்காகத் தும்பிக்கை போடவில்லை என்ற குறை அவருக்கு இன்னும் தீரவில்லை. இறங்கி வந்து மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"போச்சு அண்ணி. நர்ஸம்மா வந்தா ஊசி எனக்குத்தான்."

"இது எங்கேருந்து எழுதின லெட்டர்?"

"கப்பல்லேருந்து. தம்பி எழுதினது."

"அப்ப கடல் தானா வந்திருக்கு. நீ எதுக்கு அழறே?"

இரண்டு பேருமாகக் கடிதத்தை ஒரு பலகையில் ஒட்டி, பரவிய மையோடு இன்னும் கொஞ்சம் நீலம் சேர்த்து அலையாக்கினார்கள். கரைக்கு மணலைப் பசையில் குழைத்துப் பூசினார்கள். நுரைக்கு முட்டை ஓட்டை நொறுக்கி ஒட்டினார்கள். அழியாத வரிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. சாயங்காலம் நர்ஸம்மா வந்தார். வார்டே எழுந்து உட்காரும் குரலில் பத்து நிமிடம் திட்டினார். பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டுப் படத்தின் பக்கத்தில் போனார்.

"கப்பல் எங்கே?"

"வரையலைம்மா."

"பிரஷ்ஷைக் கொடுங்க."

அவர் போட்ட கப்பல் பார்ப்பதற்குச் செருப்பு மாதிரி இருந்தது. நாத்தனாரின் கை அதைத் திருத்தத் துடித்தது. நர்ஸம்மா அந்தக் கையில் ஒன்று போட்டார். "என் தம்பி கப்பல் இப்படித்தான் இருக்கும்!" என்றவர், அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டே அழுதார். மறுவாரம் ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு பேர் கடிதங்களோடு வந்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் அக்கா மூன்று விதிகள் வைத்தாள். அசல் கடிதத்தைத் தொடுவதில்லை, ஜெராக்ஸ்தான் ஒட்டுவது. கடிதத்துக்குச் சொந்தக்காரர் உட்கார்ந்து தன் கையாலும் ஏதாவது செய்தாக வேண்டும், வரையத் தெரியாது என்ற சாக்கெல்லாம் செல்லாது. எழுதியவர் உயிரோடு, கூப்பிடு தூரத்தில் இருந்தால் அவரும் வந்து உட்கார வேண்டும். இந்த மூன்றாவது விதியால் பின்னறையில் பல வேடிக்கைகள் நடந்தன. ஒரு மாமியார், தான் மருமகளின் பன்னிரண்டு குறைகளை எண் போட்டு எழுதி, கடைசியில் 'ஆனால் நீ வந்த பிறகுதான் வீட்டில் சத்தம் இருக்கிறது' என்று முடித்திருந்த கடிதத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தார். மருமகள் ஒவ்வொரு குறை மேலும் ஒரு பித்தானை ஒட்ட, மாமியார் பசையை நீட்டிக்கொண்டே, "பதிமூணாவது ஒண்ணு விட்டுப்போச்சு," என்றார்.

இப்படி இரண்டு வருடம் ஓடிய பிறகு, ஒரு சனிக்கிழமை பேட்டரிக் கடைக்காரர் வந்தார். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆகிருதி, கன்னத்தில் கரி. சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் இன்னொரு உறை. அதற்குள் கடிதம்.

"என் வீட்டுக்காரி கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினதுக்கா. இந்த ஒரு லெட்டர்தான். இதைப் பார்த்துத்தான் கட்டிக்கிட்டேன். அடுத்த மாசம் இருபத்தேழாவது கல்யாண நாள் வருது."

"படிங்க கேப்போம்," என்றாள் அக்கா. கடிதத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்வது அவள் வழக்கம்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "'நிலவிடம் உங்களைப் பற்றி விசாரித்தேன். நேற்று உங்கள் ஜன்னலில்தான் தங்கியிருந்தேன் என்றது. பொறாமையில் என் ஜன்னலைச் சாத்திவிட்டேன். இனி இந்த வாழ்க்கையில்...'"

அக்காவின் கையிலிருந்த அளவு டேப் சர்ரென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

அந்த நிலா அவளுடைய நிலா! விடுதியில் அவளுக்குப் பேனா என்று பெயர். காதலிக்கத் தெரிந்து எழுதத் தெரியாத ஏழு பெண்களுக்கு அவள்தான் கடிதம் எழுதிக் கொடுத்தாள். ஒருவருக்கு எழுதியது இன்னொருவருக்குத் தெரியவா போகிறது என்ற தைரியத்தில் ஏழு கடிதத்திலும் அதே நிலாவை அனுப்பிவைத்தாள்.

அவர் கடிதத்தை மேசை மேல் வைத்தார். கீழே ஒரு விரல் அகலத்துக்கு மடித்தபடியே இருந்தது. நாத்தனார் குனிந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த ரசீதையும் பார்த்தார். ரசீதில் அக்கா எழுதிய 'ஞாயிற்றுக்கிழமை'யின் ழகரத்துக்கு எலிவால் மாதிரி ஒரு சுழி. கடிதத்தின் 'வாழ்க்கை'யிலும் அதே வால், அதே சுழி.

"இந்த எலியை நான் எங்கேயோ பார்த்திருக்கேனே," என்றார்.

அக்கா மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். பிறகு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், "நாளைக்கு வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க. ஜெராக்ஸ் எடுத்துடலாமா?" என்றாள்.

"வேண்டாம்க்கா. அசலையே ஒட்டுங்க. ஜெராக்ஸ்ல வாசம் இருக்காது. இந்தக் கீழ் மடிப்பை மட்டும் இப்பப் பிரிக்க வேண்டாம்."

மறுநாள் அவர் மனைவி வந்தார். வந்தார் என்பதைவிட, இழுத்து வரப்பட்டார் என்பது பொருத்தம். விடுதியில் அவளுக்குக் குருவி என்று பெயர். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிற, நடக்காமல் தத்தித் தத்திப் போகிற பெண்ணாக இருந்தவள். இப்போது மூன்று குருவி கனம் இருந்தாள். ஆனால் கடை வாசற்படியைத் தத்தித்தான் ஏறினாள். அக்காவைப் பார்த்ததும் அவள் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"சட்டத்துக்கு மரம் பார்க்கலாம், உள்ள வாங்கம்மா," என்று அக்கா அவளைப் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அடியே பேனா! நீயா?"

"மெதுவாப் பேசுடீ. நீ இன்னும் அவர்கிட்டச் சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? லெட்டரைப் பார்த்துக் கட்டிக்கிட்டேன்னு ஊர் பூராச் சொல்லிட்டுத் திரியறார். கல்யாணமான புதுசுல, ஏன் கையெழுத்து மாறிடுச்சுன்னு கேட்டார். வாய்க்கு வந்தபடி, மணிக்கட்டுல வாய்வுன்னு சொல்லிட்டேன். அந்த இல்லாத வாய்வை இருபத்தேழு வருஷமா வச்சுக் காப்பாத்தறேன். தைலம் மட்டும் எத்தனை பாட்டில் தேய்ச்சிருப்பேன் தெரியுமா?"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டாள். குருவிக்கு மட்டும் கண் கலங்கியது.

"சிரிக்காதடீ. அந்த லெட்டர் எழுதினவளா நான் இருந்திருக்கலாமேன்னு எத்தனை நாள் நெனச்சிருக்கேன். அவர் அதை எடுத்துப் படிக்கும்போதெல்லாம், வேற யாரோ பொம்பளைய அவர் பார்த்துட்டிருக்கிற மாதிரி இருக்கும். எப்படியாவது அதை மூடிடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அக்காவின் சிரிப்பு நின்றது. "சரி, பார்க்கலாம்," என்றாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வேலை நடந்தது. அவர் பிடிவாதத்துக்காக முதல் விதியை மீறி, அசல் கடிதத்தையே ஒரு பெரிய கேன்வாஸின் நடுவில் ஒட்டினார்கள். நாத்தனார் அதைச் சுற்றி ஒரு தெருவும், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் வாசலும் கோட்டில் போட்டுக் கொடுத்தார். மிச்சம் புருஷன் பெண்டாட்டி பாடு.

குருவி எடுத்த எடுப்பிலேயே இருந்ததில் அகலமான பிரஷ்ஷைத் தேர்ந்தெடுத்தாள். "இங்க ஒரு மேகம் போடட்டுமா?" என்று கேட்டு, பதில் வருமுன் நிலா வரியின் மேல் வெள்ளையைக் கொட்டினாள்.

மூடித் தருவதாக ஒப்புக்கொண்டது அக்காதான். ஆனால் அந்த நிலா வரியை எழுத அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்திருந்தாள். அவளையும் மீறி, "அந்த ஒரு வரி தெரிஞ்சா அழகா இருக்குமே," என்றாள்.

குருவி மேகத்துக்குப் பின்னாலிருந்து முறைத்தாள்.

"மேகமே இருக்கட்டும்க்கா," என்றார் பேட்டரிக்காரர் சாந்தமாக. அவரே ஒரு பிரஷ்ஷை எடுத்து, 'உங்கள் காலடி ஓசையே என் நெஞ்சின் டைப்ரைட்டர்' என்ற வரியின் மேல் ஒரு சுவர் எழுப்பினார்.

அடுத்த வாரம் 'ஆயிரம் விண்மீன்கள்' பஸ் டிக்கெட்டுகளுக்கு அடியில் போயின. 'கனவெனும் தோட்டம்' மேல் ஒரு விளக்குக் கம்பம் முளைத்தது. தன் வாக்கியங்கள் ஒவ்வொன்றாகப் புதைக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்கவும் முடியாமல், அக்கா சாயம் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாத்தனாருக்கோ கொண்டாட்டம். "எலி ஒண்ணு இன்னும் வாலை நீட்டிட்டிருக்கு பாரு," என்று விட்டுப்போன இடத்தைக் காட்டிக் கொடுத்தார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அடியில் இருந்த அந்த ஒரு விரல் மடிப்புதான் மிச்சம். குருவி பிரஷ்ஷோடு நெருங்கினாள். பேட்டரிக்காரர் தன் பெரிய உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டார்.

"இதை மட்டும் தொடக்கூடாது."

மடிப்பை நகத்தால் மெதுவாகப் பிரித்தார். அங்கே வேறு மை, வேறு கை. குருவி கிளறிய மாதிரிக் கோணல்மாணலாக ஒரே ஒரு வரி. அவரே படித்தார்.

"'பி.கு. நீங்க போட்டுட்டு வர்ற பச்ச சட்ட நல்லாவே இல்ல. இனிமே போடாதிங்க.'"

குருவி வாயில் கை வைத்துக்கொண்டாள். எழுதியவளுக்கே அது மறந்து போயிருந்தது. அக்காவோ அந்த வரியை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

பேட்டரிக்காரர் கால்மாட்டில் இருந்த பையைத் திறந்து ஒரு சட்டையை எடுத்து உதறினார். கிளிக்கே கண் கூசும் பச்சை.

"அடப் பாவி மனுஷா! இதை இன்னுமா தூக்கிப் போடலை?"

"எப்படிப் போடறது? உன் கண்ணுல படணும்னே வாங்கினது. இதைப் போட்டுக்கிட்டுத்தானே உங்க இன்ஸ்டிட்யூட் வாசல்ல நாலு நாள் நின்னேன்." சட்டையை மடிமேல் போட்டுத் தடவிக்கொண்டே சொன்னார். "மேல இருந்ததெல்லாம் நீ எழுதலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். என் ரூம்ல கூட இருந்தானே ஒரு டைப்பிஸ்ட், அவனுக்கும் ஒரு லெட்டர் வந்துச்சு. அதே வாரம், அதே நிலா. என் ஜன்னல்ல தங்கினது அவன் ஜன்னல்லயும் தங்கியிருக்கு. ரெண்டு பேருக்கும் இருந்ததே ஒரு ஜன்னல்தான்!"

நாத்தனார் சிரித்த சிரிப்பில், நடுக்கடையில் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்த அவருடைய தம்பி தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார்.

"சரி, யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்கன்னு கசக்கப் போனேன். அப்பத்தான் கீழே இதைப் பார்த்தேன். நிலா ஊருக்கெல்லாம் பொது. இந்தச் சட்டை என்னோடது. சட்டையைப் பார்த்தவ என்னைப் பார்த்திருக்கா இல்லையா? அதான் வந்து பொண்ணு கேட்டேன்."

"அப்ப இந்த வாய்வு?" என்றாள் குருவி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு.

"கையெழுத்தைப் பத்திச் சும்மா சீண்டத்தான் கேட்டேன். ஆசையாத் தேய்ச்சுக்கறே, நான் எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

குருவி அவர் தோளில் பிரஷ்ஷாலேயே அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். அவர் முதுகெல்லாம் வெள்ளை மேகம்.

இனி மறைத்துப் பயனில்லை. அக்கா அளவு டேப்பைக் கையில் திருகிக்கொண்டே, "அந்த நிலா நான்தாங்க," என்றாள்.

பேட்டரிக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "ரூம்காரனுக்கும் நீங்கதானா?"

"ஆமாம். அவர் என்ன ஆனார்?"

"அவன் வேற பொண்ணைக் கட்டிக்கிட்டான்க்கா. அவன் லெட்டர்ல பி.கு. இல்லை."

அது அக்காவுக்குச் சுருக்கென்றுதான் தைத்தது. ஏழு கடிதம் எழுதிய கெட்டிக்காரி என்று இத்தனை வருடம் தன்னைத் தானே மெச்சிக்கொண்டவள். ஆனால் அவளும் சிரித்துவிட்டாள். சிரிக்காமல் என்ன செய்வது?

"எழுதினவங்களும் உட்காரணும்னு ரூல் போட்டது நீங்கதானே?" என்று பேட்டரிக்காரர் ஒரு பிரஷ்ஷை நீட்டினார். "உட்காருங்க. உங்க நிலாவை எங்கேயாச்சும் ஓரமாப் போடுங்க. தாராளமா, முழுசாவே போடுங்க."

அக்கா போட்டாள். இன்ஸ்டிட்யூட் கூரைக்கு மேல், பித்தான் அளவில், கொஞ்சம் நசுங்கலாக. மற்றதெல்லாம் பச்சை. குருவி அந்தச் சட்டையை இலை இலையாகக் கத்தரித்துக் கேன்வாஸோடு சேர்த்துத் தைத்தாள். மணிக்கட்டு அன்றைக்கு ஒரு தடவைகூட வலிக்கவில்லை. சட்டைக் காலரை மட்டும் வெட்டவிடாமல் வாங்கி, பேட்டரிக்காரர் தன் கையாலேயே வாசலில் நிற்கும் ஓர் ஆளுக்குக் கழுத்தாக ஒட்டினார். அந்த இலைகளுக்கு நடுவில், கோணல் எழுத்தில், அந்த ஒரு வரி மட்டும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றது. கல்யாண நாளுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டு, அவர் போட்டிருந்த சட்டை என்ன நிறம் என்று திரும்பிப் பார்த்தார்களாம்.

பாராட்டெல்லாம் அடங்கிய பிறகும் அக்காவின் மனசில் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. ஊரில் உள்ள ஆம்பிளைகளுக்கெல்லாம் எழுதியவள், தன் புருஷனுக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. இருபத்தைந்து வருடமாகப் பத்தடி தூரத்தில் நின்று வேலை செய்கிற மனிதருக்கு எதற்குக் கடிதம்? ஆனாலும் ஒரு காலைப்பொழுதில், கடையில் ஆளில்லாத நேரம், ரசீதுப் புத்தகத்தைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். 'தென்றலிடம் உங்களைப் பற்றி' என்று தொடங்கினாள். கிழித்துப் போட்டாள். 'கண்ணாடியில் தெரியும் என் முகத்தில்' என்றாள். அதையும் கிழித்தாள். நாலாவது தாளில் பேனா முனையைக் கடித்தபடி தலையை நிமிர்த்தி, நடுக்கடையில் குனிந்திருந்தவரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒரே மூச்சில் எழுதி, அவர் டீ குடிக்கப் போன சமயம் கம்பளி விரித்த பலகை மேல் வைத்துவிட்டு வந்தாள்.

'கண்ணாடி வெட்டும்போது நாக்கைக் கடிச்சுக்கிறீங்க. அறுபட்டுடுமோன்னு தினமும் பயமா இருக்கு.'

அவர் வந்தார். எடுத்துப் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வைரமுனையால் ஒரு கண்ணாடியைக் கீறினார், வாயை இறுக்க மூடிக்கொண்டு. மத்தியானம் அவள் சாப்பிட்டு வந்தபோது, மேசை மேல் பழுப்புக் காகிதத் துண்டு ஒன்று இருந்தது. பென்சிலில், ஸ்கேல் வைத்து எழுதிய மாதிரி நேரான எழுத்து.

'நீ பார்க்கிறாய் என்று தெரியாது. நீ ஆணி அடிக்கும்போது எண்ணுகிறாய். ஏழுக்கு அப்புறம் எட்டு வரும். நீ ஒன்பது சொல்கிறாய்.'

அவள் அந்தத் துண்டை இரண்டு முறை படித்தாள். பிறகு பதில் எழுத இன்னும் ஒரு ரசீதைக் கிழித்தாள்.

சாயங்காலம் நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்து, மேசை மேலிருந்த பழுப்புத் துண்டையும் அவள் எழுதிக்கொண்டிருந்த ரசீதையும் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு படம் போட்டுடலாமாடீ?" என்று ஆசையாகக் கேட்டார்.

"இருங்க அண்ணி," என்றாள் அக்கா, எழுதுவதை நிறுத்தாமல். "இது என் முறை. இன்னும் அவர் முறை வரலை."